ஊசி போட ஒரு மகள்

என் அன்பிற்குரிய பெரியண்ணனுக்கு,

உங்கள் முதலாண்டு நினைவுத் திருப்பலி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் உங்களைப் பார்த்ததே இல்லை. யாரோ சொன்னதை வைத்து, "மகனையும் மகளையும் பிளஸ் டூ வரை படிக்க வைத்த தகப்பன்" என்று பிரசங்கத்தில் புகழ்ந்தார். எட்வின் எழுந்து வெளியே போனான். செலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

நீங்கள் உயிரோடிருந்தவரை உங்கள் எதிரில் நான் ஒரு வாக்கியத்தையும் முழுதாக முடித்ததில்லை. இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வது முறையா என்று யோசித்தேன். முறையில்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிளஸ் டூ வந்த புதிதில் அந்த ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? நான் கணக்கு வாத்தியாராக இருந்த அதே பள்ளிக்கு உங்கள் பிள்ளைகள் இருவரையும் பதினோராம் வகுப்பில் சேர்க்க வந்தீர்கள். எட்வின் பத்தாவதில் ஒரு வருடம் தவறி, தங்கையோடு சேர்ந்து தத்தித் தேறியிருந்தான். செலின் கணக்கில் பள்ளியிலேயே முதல். எட்வினுக்கு ஜீப் இஞ்சினைத் தவிர வேறெதிலும் மனம் கிடையாது. நீங்கள் அவனை முதல் குரூப்பிலும் அவளை நர்ஸ் தொழிற்பிரிவிலும் சேர்க்கச் சொன்னீர்கள்.

முதல் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். கல்லூரிப் படிப்பின் கடினமான முதல் ஏற்றத்தைப் பள்ளியிலேயே ஏறிவிடுகிற படிப்பு அது. அதைப் படித்தவர் பொறியியலுக்குப் போகலாம், மருத்துவத்துக்குப் போகலாம், எதுவும் பிடிக்கவில்லை என்றால் பி.காம். சேரலாம். தொழிற்பிரிவில் உட்கார்ந்தவருக்குத் திரும்பி வர வழி கிடையாது. இதைத்தான் அன்று சொல்ல வந்தேன்.

"அண்ணா, பாப்பாவுக்கு ஃபர்ஸ்ட் குரூப் குடுத்தா நல்லதுங்க. கணக்குல அவ..."

"பாருங்க கூத்த," என்று சுற்றி நின்ற பெற்றோர்களிடம் சொன்னீர்கள். "ஒண்ணு பெத்து வளக்கத் துப்பில்லாதவன், எம்பட புள்ளைக்குக் குரூப்பு சொல்ல வந்துட்டான்."

எனக்கும் மேரிக்கும் குழந்தையில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சிலர் சிரித்தார்கள். நீங்கள் அதோடு விடவில்லை.

"பையன் இஞ்சினீருக்குப் போறான். இவ நர்சு குரூப்பு படிக்கட்டும். நாளைக்கு நான் உழுந்து கெடந்தா ஊசி போட ஆள் வேணுமல்ல?"

இதற்கு எல்லோருமே சிரித்தார்கள்.

"எனக்குக் கணக்கு வேணுமுங்கப்பா," என்றாள் செலின்.

"வேணுமா சாமி? ஊட்டுல பால் கணக்கு இருக்குது, வந்து பாரு."

அதன் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. எட்வினுக்குப் பாடம் ஏறவில்லை என்றதும், அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையைச் செலினிடம் கொடுத்தீர்கள். சாயங்காலம் சோறு வடித்துவிட்டு அவன் புத்தகங்களைத் தானே படித்துப் புரிந்துகொண்டு, அவனுக்கு விளக்குவாள். இரண்டு வருடம் முழுக்க முதல் குரூப் படித்தாள், பெயர் மட்டும் அந்த வகுப்பில் இல்லை. "தங்கச்சி ஊட்டி உடறா, முழுங்கக்கூடத் தெரியாதாடா எருமை," என்று அவனைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வைத்தே கேட்பீர்கள். அவளை வைத்து அவனை அடித்தீர்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தியது அப்போதுதான்.

எட்வின் கணக்கிலும் இயற்பியலிலும் தவறினான். அடிவாரத்துப் பட்டறை ஒன்றில் சேர்ந்து, நீங்கள் இருக்கும்வரை மலையேறி வரவில்லை. செலின் தொழிற்பிரிவில் நல்ல மார்க் வாங்கினாள். தனியாகக் கணக்கும் இயற்பியலும் எழுத முடியுமா என்று என்னிடம் கேட்டாள். விசாரித்தேன். செய்முறைத் தேர்வு உள்ள இயற்பியலை வெளியிலிருந்து எழுத விடமாட்டார்கள், கணக்கை மட்டும் எழுதிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரிங்க சித்தப்பா," என்றாள். ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலைக்குப் போனாள்.

பிறகு உங்களுக்குச் சர்க்கரை வந்தது. அது உங்கள் கால் விரல்களைத் தின்னத் தொடங்கியபோது, காலையும் மாலையும் அவள்தான் வந்து ஊசி போட்டாள். ஒருநாள் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"பாத்தியா கண்ணு, நர்சு குரூப்பு எடுத்தது நொம்ப நல்லதாப் போச்சு," என்றீர்கள்.

அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றினாள். "எப்படிக் குத்தறதுன்னு மட்டுந்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மருந்து உள்ள போயி என்ன பண்ணுதுன்னு அண்ணன் புஸ்தகத்துல இருந்துச்சுங்கப்பா. அவனுக்காகப் படிச்சேன்." "சட்டையத் தூக்குங்க."

தூக்கினீர்கள். உங்கள் வாழ்நாளில் அவள் கேட்டு நீங்கள் செய்தது அது ஒன்றுதான். மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் உடலை ஏற்றி வந்த வேன் எல்லா வளைவுகளிலும் மூச்சு வாங்காமல் ஏறியது. முந்தின வாரம் அதன் இஞ்சினைப் பிரித்துப் பூட்டியவன் எட்வின். உங்களுக்காகச் செய்யவில்லை, வேன்காரர் கூலி கொடுத்தார்.

இந்த ஜூனில், குரூப்புகளைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லப் பள்ளியில் ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாரமங்கலத்து மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் மகளோடு வந்தார்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க சார் அத்தன பெரிய படிப்பு? நர்சு குரூப்பு போதுமுங்க. கடைசி காலத்துல எனக்கு மாத்திரை எடுத்துக் குடுப்பா," என்று சிரித்தார்.

"எங்கண்ணனும் இதையேதான் சொன்னாருங்க," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கால் விரல்கள் உட்பட. பாதியில் அவர் சிரிப்பு நின்றது. கடைசியில் மகள் பக்கம் திரும்பி, "உனக்கு என்னதான் வேணும் கண்ணு?" என்றார். அந்தப் பெண் முதல் குரூப்பில் சேர்ந்தாள்.

செலின் மகிழ்வாள் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அவளுக்குக் கெடச்சா எனக்கென்னங்க சித்தப்பா," என்றாள். மீதித் துணியை நானும் உட்கார்ந்து மடித்தேன்.

அண்ணா, உங்கள் பெயரை இந்த மலை மறக்க நான் விடமாட்டேன். கால் நடமாடும்வரை ஒவ்வொரு ஜூனிலும் அந்த பெஞ்சுக்குப் போவேன். சிரிக்கிற ஒவ்வொரு தகப்பனிடமும் உங்கள் முழுப் பெயரையும், எந்த எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தீர்கள் என்பதையும் சொல்லி, நீங்கள் சட்டையைத் தூக்கிய இடத்தில் முடிப்பேன். வாக்கியத்தை முழுதாகவே முடிப்பேன்.

ஒரே தாய் வயிற்றில் உங்களுக்குப் பின் பிறந்த தம்பி,
ஞானப்பிரகாசம்