பரிதா ஊசியை நிறுத்திய நாட்கள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்காரி பரிதாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வைத்தியம் எனக்குத்தான். பல மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, பி.பி. ஏறிக்கொண்டே போகிறது. அவள்தான் விடவில்லை.

ஆயுர்வேத டாக்டர் சின்ன வயதுப் பெண். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். பத்துக்குப் படுக்கை. போன் வேறு அறையில். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஒரு கஷாயம், ஒரு சூரணம்.

"மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்ங்க. மெஷின் நின்னா எந்நேரமும் கூப்பிடுவாக," என்றேன்.

"கஷாயம் குடிக்கிறது ஈஸி சார். மத்ததுதான் மருந்து."

பரிதா தன் சர்க்கரையைப் பற்றியும் கேட்டாள். பதினைந்து வருடச் சர்க்கரை, நாலு வருடமாக இன்சுலின். "சாப்பாடு, நடை எல்லாம் உங்களுக்கும் நல்லதும்மா. இன்சுலினை மட்டும் நிறுத்திடக் கூடாது," என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஸ்ரீவி. போய் பால்கோவா வாங்காமல் திரும்பியது இதுதான் முதல் தடவை.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். வீடு மாறிக்கொண்டிருக்கிறது. சாமை, தினை, செக்கு எண்ணெய், மண்சட்டி. பிளாஸ்டிக் டப்பா எல்லாம் மூட்டையாக வாசலில். பரிதா விடிந்ததும் அய்யனார் கோயில் ரோட்டில் மலையைப் பார்த்து நடக்கிறாள். ஆவாரம்பூ பறித்து வருகிறாள்.

போனில் ஏதோ இயற்கை வாழ்வியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஒருவர் பேசுகிறார். இதமான குரல். "உடம்பை உடம்பே பார்த்துக்கொள்ளும், உறவுகளே." சமைக்கும்போதெல்லாம் அடுப்படியில் அந்தக் குரல்தான்.

என் கதை: ஏழு மணிச் சாப்பாடு ஒரே ஒரு நாள். போனை அடுத்த அறையில் வைத்தேன், அங்கிருந்தும் கேட்கிறது. ஆனால் பரிதா உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். இரண்டு ராத்திரி நிஜமாகவே தூங்கினேன்.

நவ. 13, வியாழன்

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. உள்ளே காலி, துடைத்து வைத்திருந்தது. ரிப்பேர் என்று நினைத்து பிளக்கைப் பார்த்தேன். அவளே பிடுங்கியிருக்கிறாள்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சது செத்த சாப்பாடுங்க. வகுப்புல சொன்னாக."

"இன்சுலினை எங்க வச்ச?"

"பீரோல கெடக்கு. அத விட்டுட்டேன்."

"எப்ப இருந்து?"

"போன வெள்ளிக்கெழம." வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். ஒளிக்கவில்லை. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

சத்தம் போட்டேன். இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் என்ன மாடா, புடிச்சு ஊசி போட?"

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எம்புட்டு ஊசி, எம்புட்டு மாத்திரை. இந்த ஒரு வாரமாத்தான் நோயாளிங்கிற நெனப்பு இல்லாம இருக்கேன். கொஞ்ச நாள் என்னைய விடுங்களேன்."

பேனாவைத் திரும்ப பீரோவில் வைத்தேன்.

நவ. 14, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியில் நின்றே ஸ்ரீவி. டாக்டருக்குப் போன் செய்தேன். பதறிவிட்டார். வீட்டுக்குப் போய் பரிதாவிடம் போனைக் கொடுத்தேன். "சரிங்க டாக்டர். சரிங்க. போட்டுக்கிறேன்."

வைத்ததும் என்னிடம்: "அந்தப் பொண்ணும் பாதி இங்கிலீஷ் டாக்டர்தான்."

கோவையில் படிக்கும் மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள். அம்மாவிடம் பேசினாள், சண்டையில் முடிந்தது. சர்க்கரை பார்க்கும் மிஷினில் விரல் வைக்கவும் பரிதா மறுக்கிறாள். முகம் மெலிந்திருக்கிறது. அதையும் நல்லதாகத்தான் சொல்கிறாள். நிறையத் தண்ணீர் குடிக்கிறாள்.

நவ. 17, திங்கள்

மழை. ராத்திரி முழுக்க வாந்தி. "கழிவு வெளியேறுதுங்க. மொதல்ல இப்படித்தான் இருக்கும்னு சொன்னாக." ஆஸ்பத்திரி என்றதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மில்லுக்கு லீவு கேட்டேன். ஒரு லைன் முழுக்க கரண்ட் டிரிப் ஆகி மெஷின்கள் நிற்கின்றன. மேனேஜர்: "ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுப் போயிருங்க." போனேன். ஒரு மணி நேரம் என்று போனது மதியமாகிவிட்டது. பஞ்சுத் தூசியைத் தட்டாமல் வீட்டுக்கு ஓடினேன்.

அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு பெரிது பெரிதாக, ஓடி வந்தவள் மாதிரி. வாயில் அழுகிய பழத்தின் வாடை. கூப்பிட்டால் கண் திறக்கிறது, ஆளைத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் கத்தித் தன் வீட்டுக்காரரைக் கார் எடுக்கச் சொன்னாள். தூக்கினேன். கனமே இல்லை.

நவ. 18, செவ்வாய்

ஐ.சி.யு. வெளியில் பெஞ்ச். சர்க்கரை அளவு மிஷினில் எண்ணாகவே வரவில்லையாம். அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"எப்ப நிறுத்துனாங்க?"

சொன்னேன்.

"நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

மில்லிலிருந்து நாலு தடவை போன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே எந்த ஃபியூஸ், எந்தப் பேனல் என்று சொல்லிக்கொடுத்தேன். உள்ளே அவள்.

என் பி.பி. மாத்திரை வீட்டில் இருக்கிறது.

நவ. 21, வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தாள். மகள் வந்து தலை வாரிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஸ்ரீவி. டாக்டரிடம் சொன்னேன். "நான் சொன்னேனே சார்." பிறகு, "அவங்க நடக்கறதையும் நேரத்துக்குச் சாப்பிடறதையும் விடச் சொல்லிடாதீங்க. அது நல்லதுதான். ஊசியோட சேத்துச் செய்யட்டும்."

சேர்த்துச் செய்வது. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எது எதோடு சேர்ந்தது?

நவ. 24, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. மகள் கோவை கிளம்பிவிட்டாள், பரீட்சை. போவதற்கு முன் அம்மா போனில் அந்த வகுப்பை அழித்துவிட்டாள். பரிதா பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. காலை ஊசி நான் போட்டேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருந்தேன்ல, அந்த ஒரு வாரம்?"

"இருந்த."

பொய் சொல்ல வரவில்லை.

நவ. 27, வியாழன்

பகலில் வெயில், சாயந்தரம் மேகம். இன்றைக்கு அவளே பேசினாள். "ஏழு மணிக்கு உக்காந்து சேர்ந்து சாப்பிடுவோம். நீங்க வீட்டுல இருந்தா நான் பேசாம ஊசி போட்டுக்கிறேன்." சரி என்றேன். நாலரைக்கே மில்லிலிருந்து வந்துவிட்டேன். சாமைக் கஞ்சி, துவையல். தட்டு போட்டாள்.

போன். மில்லுக்குள் ஈரக்காற்று விடும் ஹியூமிடிட்டி பிளான்ட்டில் மோட்டார் புகைகிறதாம். அவளைப் பார்த்தேன்.

"போங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஊசி?"

"நான் போட்டுக்கிறேன். போங்க."

திரும்பியபோது ஒன்பது. படுத்திருந்தாள். என் தட்டு மூடி வைத்திருந்தது. "போட்டியா?" என்றேன். "ம்" என்றாள். மிஷினை எடுத்தேன். கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினாள்.

இருநூற்றுப் பத்து. போட்டிருந்தாலும் இவ்வளவு இருக்கும். போடாமல் இருந்தாலும் இருக்கும்.