இடம் மாறும் பிழை

15 மே 2006, திங்கள்

காலையிலேயே அனல். காற்று உப்பளப் பக்கத்திலிருந்து. சென்டரைத் திறந்ததும் மேஜை, கீபோர்டு, நாற்காலி எல்லாம் துடைத்தாயிற்று. சுவரில் மறுபடி உப்புப் பூத்திருக்கிறது. முன்பு உப்புக் கிடங்காக இருந்த அறை, எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் உதிர்கிறது. சுனாமிக்கு அப்புறம் டிரஸ்ட்காரர்கள் ஊருக்குக் கம்ப்யூட்டர் வைக்க இடம் கேட்டபோது காலியாக இருந்தது இது ஒன்றுதான்.

வேலைகள்:
பிளஸ் டூ ரிசல்ட் பிரிண்ட்.
பிரிண்டருக்கு மை.
கேமரா.

கேமரா, கம்ப்யூட்டரில் செருகுகிற வெப்கேம், சிநேகிதன் பாபு கொடுத்தது. குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலை அவனுக்கு, யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனதாம். "ஓடினா உனுக்கு, ஓடலைன்னா குப்பைக்கு" என்றான். செருகினேன். அசைவில்லை. விண்டோஸாக இருந்தால் சிடியைப் போட்டால் முடிந்தது. இங்கே லினக்ஸ். திருட்டு சிடி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று டிரஸ்டின் கண்டிப்பு. இந்தக் கேமராவை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் வேண்டுமானால் கெர்னலையே புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டுமாம், அதாவது மூலக் கோடிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். வாழ்க்கையில் செய்ததில்லை.

மதியம் சோற்றுக்குப் போனபோது அம்மா, கெர்னல்னா என்னாடா என்றாள். "நீ இல்லைன்னா இந்த வீட்ல எது எங்க இருக்குதுன்னு யாருக்காவது தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ள அது மாதிரி ஒண்ணு" என்றேன். "அதுக்காவது நேரத்துக்குச் சோறு போடறாங்களா" என்றாள்.

எல்லாம் வசந்திக்காக. தங்கைக்குக் காதும் கேட்காது, பேச்சும் கிடையாது, எழுத்து அவள் பெயரோடு சரி. மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து சென்டர் போனுக்குக் கூப்பிட்டால் நான்தான் காது, நான்தான் வாய். புருஷன் பெண்டாட்டி பேச்சு முழுக்க என் வழியாக. வெட்கக்கேடு. கேமரா ஓடினால் அவர்களே சைகையில் பேசிக்கொள்ளலாம். பாண்டிக்குப் போனால் கேமரா வைத்த பிரவுசிங் சென்டர் உண்டு, ஆனால் பிள்ளைத்தாய்ச்சி, மாதம் ஏறிவிட்டது, பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சென்டருக்கு நடந்து வரலாம், அடுத்த தெருதான்.

இந்த வெள்ளி மாப்பிள்ளைக்கு டியூட்டி. அடுத்த வெள்ளி லீவு. அதற்கு மறுநாள் பாலைவனத்துக்குள் ஏதோ கேம்புக்கு அனுப்புகிறார்கள், அங்கே நெட் கிடையாது. பேச முடிகிற ஒரே நாள் வெள்ளி, 26. அதற்குள் முடிக்க வேண்டும்.

16 மே, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

கெர்னலின் சோர்ஸ் கோட் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது, நல்லகாலம். எதெதைச் சேர்ப்பது என்று கேட்கிற மெனு வரவில்லை, ஏதோ லைப்ரரி இல்லையாம். அதைப் போட்டேன். மெனு வந்தது. அப்புறம் கேள்விகள். இது வேண்டுமா, அது வேண்டுமா. பாதிக்கு மேல் என்னவென்றே தெரியாதவை. ஒவ்வொன்றின் உதவியிலும் கடைசி வரி ஒன்றுதான்: சந்தேகமாக இருந்தால் 'நோ' சொல். நோ, நோ, நோ என்று போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடமும் நோ சொல்லியிருக்க வேண்டும். போனில்: "மச்சான், காண்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டேன். விட்டா வேற ஆள எடுத்துடுவான். வசந்திகிட்ட இப்ப சொல்லாதீங்க. கொழந்த பொறக்கட்டும்." வசந்தி பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி மாப்ள, சரி மாப்ள என்றேன். என்னாவாம் என்று கை காட்டினாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் என்று காட்டினேன்.

கம்பைல் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நின்றது. கம்பைலர் புதுசு, சோர்ஸ் பழசு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

17 மே, புதன்

பழைய கம்பைலரைத் தேடிப் போட்டேன். ஓடியது. வரிகள் திரையில் கடகடவென்று மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

உப்பளத்துப் பெண்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். "என்னாப்பா, காலையில இருந்து அந்தப் பொட்டி ஓடினே இருக்குது?"
"ஓடட்டும்க்கா. நின்னாதான் கஷ்டம்."

சொல்லி வாய் மூடவில்லை, நின்றது. இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட், சிக்னல் 11. எஃப்.எஸ். ஃபோல்டரில் ஒரு ஃபைலில் நின்றிருக்கிறது. திறந்து வரிவரியாகப் பார்த்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதியவன் எந்தத் தேசத்திலோ இருக்கிறான்.

18 மே, வியாழன்

அந்த ஃபைலை மெனுவில் எடுத்துவிட்டு மறுபடி. இந்தத் தடவை அதைத் தாண்டியது. நெட் ஃபோல்டரில் நின்றது. அதே சிக்னல் 11.

எதையும் மாற்றாமல் மறுபடி. இப்போது சவுண்ட் ஃபோல்டரில். முந்தின முறை நின்ற இடத்தை ஒன்றுமே நடக்காத மாதிரி தாண்டிப் போய்விட்டது.

தப்பு என்றால் ஓர் இடத்தில் நிற்க வேண்டாமா. அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் வேறு எங்கேயோ. மண்டை காய்கிறது.

19 மே, வெள்ளி

வெயில் தணிந்தபின் வசந்தி சென்டருக்கே வந்துவிட்டாள். கேமராவைக் கையில் எடுத்துத் துணியால் துடைத்தாள். மாப்பிள்ளைக்கு அவள் வைத்திருக்கும் அடையாளம் கண்ணைக் கையால் மறைப்பது, வெல்டிங் கண்ணாடி மாதிரி, அவர் வேலை அது. அதைக் காட்டி, திரையைக் காட்டி, எப்போது என்றாள். அடுத்த வெள்ளி என்றேன். அப்புறம், அவர் ஊருக்கு வருவது எப்போது என்றாள்.

தீபாவளிக்கு என்று காட்டினேன். கை தானாகவே செய்தது. போன வருஷம் சொன்ன பதில்தான், பழக்கம்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு, நான் அவரிடம் நேரே கேட்க வேண்டும், நீ நடுவில் வேண்டாம் என்றாள். சிரித்துக்கொண்டேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்குச் சைகை ஒன்று தெரியாது. இப்போது என்னைவிட வேகம். அவர்கள் இருவரும் பேசும்போது எனக்கே பாதி புரியாது.

20 மே, சனி

சூடுதான் காரணம் என்று முடிவு செய்தேன். சிபியு மூடியைக் கழற்றிவிட்டு, மேற்கு ஜன்னலை முழுசாகத் திறந்து, டேபிள் ஃபேனை உள்ளே காற்று அடிக்கிற மாதிரி வைத்தேன். உப்பளக் காற்று நேராகப் பெட்டிக்குள். நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முன்பைவிட மோசம். ஆரம்பித்த உடனேயே நிற்கிறது.

இன்னொரு கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றால் அதில் கேமரா செருகுகிற யு.எஸ்.பி. செத்துப்போய் மாதக்கணக்காகிறது.

அம்மா: "உன்னால ஆவலைன்னா ஆவலைன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு புடவையெல்லாம் எடுத்து வச்சினு இருக்குது."

22 மே, திங்கள்

டிரஸ்டாவது கண்டிப்பாவது. பாபுவிடம் சொல்லி விண்டோஸ் திருட்டு சிடி வாங்கிவந்தேன். டிஸ்கில் காலியாக இருந்த பார்ட்டிஷனில் போட்டுப் பார்த்தால் பாதியில், இந்த ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை. மறுபடி முயற்சி செய் என்று கேட்டது, செய்தால் அடுத்த ஃபைலும் அப்படியே.

"பாபு, உன் சிடி டுபாக்கூர்டா."
"டேய், அத வச்சி நாலு கடைல போட்டுக் குடுத்துருக்கேன். உன் பொட்டியதான் பேய் புடிச்சிருக்குது."

பழைய லினக்ஸ் அப்படியே இருக்கிறது, அந்த மட்டும் தப்பித்தேன். சிடியை அவனிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. திருடியும் பிரயோஜனமில்லை.

இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு யாரைக் கேட்பது. இங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

23 மே, செவ்வாய்

லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் மெயில் குழு ஒன்று உண்டு. அதற்கு எழுதினேன். எரர் முழுக்க ஒட்டினேன். என் இங்கிலீஷ் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. அவசரம், என் தங்கைக்காக என்று கடைசியில் எழுதி, அப்புறம் அந்த வரியை அழித்தேன்.

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு நினைப்பு. இது ஓடாமலே போகட்டும். வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் மாப்பிள்ளை கேம்புக்குப் போய்விடுவார், குழந்தை பிறந்துவிடும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். மெஷின் கெட்டுப்போனதற்கு நான் என்ன செய்வேன்.

சீ. என்ன ஜென்மம் நான்.

இருந்தாலும் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் பொய்.

24 மே, புதன்

பதில் வந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஆள், இரண்டே வரி. பிழை எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் சோர்ஸ் கோடில் தேடு. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்தால் கோடை விட்டுவிடு, மெமரியைப் பார்.

மெமரி அட்டைகள் இரண்டையும் கழற்றினேன். தங்க நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய பற்கள். பச்சை. ஓரத்தில் வெள்ளைப் பூப்பு, சுவரில் இருக்கிற அதே பூப்பு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் வைத்தேன். உப்பு.

உப்பளத்தின் நடுவில் பிறந்து, வீட்டில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு எல்லாம் அரித்துப்போவதைப் பார்த்து வளர்ந்தவன், மூடியைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு உப்பை உள்ளே ஊட்டியிருக்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் பால் ஊட்டுகிற மாதிரி. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பென்சில் ரப்பரால் தேய்த்தேன். இரண்டு மெமரியில் ஒன்று தேறியது. மற்றது பற்களே உதிர்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாட்டி, மூடியைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தேன். உள்ளே உட்கார முடியவில்லை, இட்லி வேகலாம்.

கம்பைல் ஓடுகிறது. எஃப்.எஸ். தாண்டியது. நெட் தாண்டியது. சாயங்காலம் வரை நிற்கவில்லை. சிக்னல் 11 வரவே இல்லை. அந்த ஆளுக்கு நன்றி எழுதினேன்.

25 மே, வியாழன்

புதுக் கெர்னலில் பூட் செய்தேன். கெர்னல் பேனிக். ஹார்ட் டிஸ்கையே கண்டுபிடிக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்ன நோக்களில் ஒன்று. டிஸ்கைப் படிக்கிற பகுதிக்கும் சேர்த்து நோ சொல்லியிருக்கிறேன். பழைய கெர்னலில் ஏறி, மெனுவுக்குப் போய், யெஸ், மறுபடி கம்பைல். பகல் முழுக்க. யாரையும் சென்டருக்குள் விடவில்லை, ரிசல்ட் கேட்டு வந்த பையன் திட்டிவிட்டுப் போனான்.

நாலு மணி வாக்கில் பூட் ஆனது. டிரைவரைச் சேர்த்து, கேமராவைச் செருகினேன். சின்ன விளக்கு எரிந்தது. திரையில் ஒரு மூஞ்சி, பரட்டைத் தலை, சவரம் செய்யாதது. நான்தான்.

கத்தியிருக்கலாம், சந்தோஷத்தில். வரவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்றுதான் மனதில் ஓடியது.

மாப்பிள்ளைக்கு மெயில்: நாளை சாயங்காலம் நெட் சென்டரில் உட்காருங்கள், கேமரா ரெடி. கூடவே ஒரு வரி: அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதில் உடனே வந்தது. சமாளிச்சிக்கறேன் மச்சான் என்று.

26 மே, வெள்ளி

காற்றே இல்லை. புழுக்கம். வசந்தி நீலப் புடவை கட்டிப் பூ வைத்து வந்தாள், அம்மா கைத்தாங்கலாக.

படம் வந்தது. தீப்பெட்டி அளவு. கையை வேகமாக அசைத்தால் புகை மாதிரி இழுக்கிறது. வ. உடனே புரிந்துகொண்டாள். ஒரு சைகை, நிறுத்தம், அவர் தலையாட்டும் வரை காத்திருப்பு, அப்புறம் அடுத்தது. மாப்பிள்ளையும் அப்படியே. இளைத்துப் போயிருக்கிறார். வ. எழுந்து பக்கவாட்டில் நின்று வயிற்றைக் காட்டினாள். அவர் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழுமல, நல்லா சாப்புடுப்பா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள், மைக் இல்லை, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

பிறகு வ. எங்களுக்குக் கதவைக் காட்டினாள். என்னை மட்டும் இல்லை, அம்மாவையும். வெளியே வந்தோம். சாத்திக்கொண்டாள்.

உள்ளே வளையல் சத்தம் மட்டும்.

"என்னாடா பேசறாங்க?"
"எனக்கு எப்பிடிம்மா தெரியும்."
"மெசின் நின்னுடாதே?"
"நிக்காதும்மா."

நிற்காது. அது நன்றாக ஓடுகிறது. நின்றால் தேவலை என்றிருந்தது எனக்கு.

வளையல் சத்தம் வேகமானது. கொஞ்சம் நின்றது. மறுபடி. அப்புறம் ஒன்றுமே இல்லை, ரொம்ப நேரம். லைன் போயிருக்கும் என்று எழுந்தேன். கதவு திறந்தது.

லைன் போகவில்லை. திரையில் மாப்பிள்ளை இன்னும் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு. அவரால் வாயால் பொய் சொல்ல முடியும். அவளுக்கு வாய் தேவையில்லை.

வ. என் முன்னால் வந்து இரண்டு விரலைக் காட்டினாள். அந்த விரல்களாலேயே என் மார்பில் குத்தினாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டாள். உனக்குத் தெரியும்.

தலையாட்டினேன்.

அம்மாவின் கையை உதறிவிட்டு அவளே நடந்து வீட்டுக்குப் போனாள். நான் சென்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சுற்றிப் போய் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். மன்னிச்சிடு என்று காட்டக் கையைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிவிட்டால் அவளிடம் எதையும் சொல்ல வழி கிடையாது. தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தேன்.