குரல் போன வாரம்

செப். 9, செவ்வாய்

புகைமூட்டம். மேருவில் வீட்டிலிருந்து வண்டி எடுக்கும்போதே தொண்டை அரிப்பு. கூடைப்பந்துப் பயிற்சியில் வழக்கம்போலக் கத்தினேன். கடைசியில் காற்று மட்டும் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர்: "ஒரு வாரம் வாயே தொறக்கக் கூடாது." சனிக்கிழமை அரையிறுதி. தோற்றால் சீசன் முடிந்தது.

மாலதிக்கு ஒரே சிரிப்பு. "ஒரு வாரம் வீடு அமைதியா இருக்கும்லா!" பெண்டாட்டி பேசுகிற பேச்சா?

செப். 10, புதன்

கோச் லிம் மலாயில் கேட்டார்: "சேகர், வாய் இல்லாத நீ எனக்கு எதுக்கு?" சுருக்கென்றது. உண்மைதான். பந்து போட அமெரிக்காவிலிருந்து வந்த டேரல் இருக்கிறான். கூடைக்குக் கீழே நின்று கத்துவது என் வேலை. எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் அணி வெங்கைப் பின்னாலிருந்து மறித்து நிற்க வருவான். வெங்கின் கண் பந்தின் மேல், தெரியாது. நான் "பின்னாடி!" என்றால் நழுவிவிடுவான். சொல்லாவிட்டால் மோதி நிற்பான். அவன் விட்ட ஆளைப் பிடிக்க ஒருவன் ஓட, அவன் விட்ட ஆளுக்கு இன்னொருவன்... ஐந்து பேரும் கலைந்துபோவோம்.

இன்று அதுதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை தட்டிப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. டேரல், இடுப்பில் கை: "என் ஆள் இல்லையே."

செப். 11, வியாழன்

வெங் பார்லி தண்ணீர் கொண்டுவந்தான். நல்ல பிள்ளை.

டேரலிடம் வாதாட முடியாது. அவன் ஆள் அவனைத் தாண்டி வந்தபோதெல்லாம் நானே குறுக்கே போய் நின்றேன். மோதி விழுந்தேன். மறுபடி. மறுபடி. மூன்றாவது தடவை டேரல் கை கொடுத்துத் தூக்கினான். அடுத்த ஆட்டத்தில் முதல் குரல் அவனுடையது. பிறகு வெங். பிறகு எல்லாரும். ஒரே சந்தைக்கடை.

முழங்கை வீங்கியிருக்கிறது. ஐஸ்.

செப். 13, சனி

ஜெயித்தோம்!

கோச் என்னை உட்கார வைப்பார் என்று நினைத்தேன். "போ, விழு," என்றார்.

கடைசி நிமிடம், ஒரு புள்ளி முன்னால். பந்து அவர்கள் கையில். வெங்கை மறிக்க ஆள் வருவது எனக்குத் தெரிகிறது, குரல் இல்லை. பக்கத்தில் டேரல் அலறினான்: "பின்னாடி! பின்னாடி!" தமிழில்! வெங் நழுவினான், டேரல் தன் ஆளை விட்டுக் குறுக்கே ஓடினான், அவன் ஆளை நான் பிடித்தேன். பந்து போட அவர்களுக்கு இடமே இல்லை. அவசரத்தில் எறிந்தது வளையத்தைக்கூடத் தொடவில்லை.

உடை மாற்றும் அறையில் டேரல் கேட்டான்: "சரி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" சீசன் முழுக்க நான் கத்தியதைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

செப். 14, ஞாயிறு

வெயில். புகை குறைவு. பேப்பரில் டேரல் போட்ட புள்ளிகள், டேரல் படம். மாலதி இரண்டு தடவை தேடினாள். "ஏங்க, உங்க பேரே காணோமே. நேத்து நான் பாத்தேன்ல, நீங்க இல்லன்னா அந்தப் பந்து உள்ள போயிருக்கும்." அவளுக்கும் ஆட்டம் புரிய ஆரம்பித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

வெங் கீழே ஹாரன் அடிக்கிறான். எல்லாருமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. டேரலுக்கு ரசத்தைக் கையால் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும், பேசாமல்.