குலுக்கலில் விழுந்த போர்வை

நீலசந்திரா,
பெங்களூரு.

ஆக்லாந்து மாநகரைக் கட்டி ஆளும் என் மருமகன் டிரேவருக்கும், பட்டத்து ராணி சோஃபியாவுக்கும், தாய்மாமன் கிளாரன்ஸ் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மழை, டிராஃபிக் எல்லோரும் நலம். வாட்ஸ்அப் இருக்கத் தபால் எதற்கு என்று கேட்பாய். பகலெல்லாம் என் போன் அக்காவின் கையில்தான். எதைத்தான் அப்படிப் பார்க்கிறாளோ!

நீ அனுப்பிய கனமான போர்வை வந்து சேர்ந்தது. மூன்று மாடி ஏறி வந்த கூரியர்காரர், "ஏன் சார், ஒளகெ ஆனெ மரி இதியா?" என்றார். உள்ளே யானைக்குட்டியா என்கிறார்! நான் வாங்கித் தரையில் வைத்ததும் கட்டடமே ஒரு பக்கம் சாய, கீழ்வீட்டு வீணா பூகம்பம் என்று ரோட்டுக்கு ஓடிவிட்டாள்.

உன் பெயரைச் சொன்னால் அக்கா அதைத் தொடமாட்டாள். நீ சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணத்தை யாரோ ஒருவருடைய போனில் போட்டோவாகப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு உன்னோடு பேச்சும் இல்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை. ஆகவே, கோயில் திருவிழாக் குலுக்கலில் எனக்கு முதல் பரிசு விழுந்தது என்று ஒரே போடாகப் போட்டேன்.

தூக்கிப் பார்த்தவள், "ஈரம்டா, அதான் இந்தக் கனம்" என்று மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டாள். கொடி அறுந்தது. உள்ளே கண்ணாடி மணிகள் தைத்திருக்கின்றன, மேலே அழுத்தினால் தூக்கம் வரும் என்று விஞ்ஞானி கிளாரன்ஸ் விளக்கினேன். "மனுஷி மேல மூட்டையை ஏத்தினா தூக்கமாடா வரும்? மூச்சுதான் போகும்" என்றாள்.

ஆனாலும் சனிக்கிழமை போர்த்திப் படுத்தாள். தினமும் சேவலை எழுப்பிவிடுகிற உன் அம்மா, ஞாயிறு காலைப் பூசைக்கு எழுந்திருக்கவில்லை, டிரேவர். அந்தக் குறட்டைக்கு மாநில எல்லையான அத்திபெலேயில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டனவாம். நான் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று, பேண்டு வாத்தியம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போனது. இதற்கு நன்றியாக என் ஆஸ்திகள் அனைத்தையும், அதாவது ஒரு ஸ்கூட்டரையும் பாதி ஓடும் மிக்சியையும், உன் பெயருக்கே எழுதிவைக்கிறேன்.

நேற்றுப் போர்வையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நம்ம கோயில் குலுக்கல்ல குக்கரைத் தவிர வேற என்னடா குடுத்திருக்காங்க?"

நான் அவசரமாக ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

போர்வையை நாலாக மடித்துத் தலையணை மேல் வைத்துவிட்டு, "இதை இங்க அனுப்பிட்டு, அந்தக் குலுக்கல்காரன் அங்க எதைப் போத்திக்கிறானாம்? ஏழு டிகிரி போட்டிருக்கு" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்புறம்தான் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஆக்லாந்து வானிலை திறந்தபடியே இருந்தது.

உனக்கும் சோஃபியாவுக்கும் ஆண்டவர் கதகதப்பையும் நல்ல உறக்கத்தையும் தரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: இனி என்னோடு பேச வேண்டுமென்றால் பகலில் கூப்பிடு. பகலில் என் போன் யார் கையில் இருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நீலசந்திரா முதல் நியூசிலாந்துவரை புகழ்பெற்ற,
உன் மாமன் கிளாரன்ஸ்