தொரையோட ரேடியோ நோட்டுல நான் போட்ட தலைப்பு

டயகம தேயிலைத் தோட்டம்,
20.3.65

அன்புள்ள செல்லாயிக்கு,

நான் சுகம். துறையூர்ல நீயும், மூட்டுவலிக்கார மாமாவும் எப்படி இருக்கீங்க?

இங்க ஒரு வேடிக்கை. எங்க தொரைக்கு ரேடியோவுல பல நாட்டு ஆளுங்களோட பேசுறது பொழுதுபோக்கு. அதுக்குன்னே இப்ப ஆகாசத்துல பெட்டிங்க சுத்துதாம். ஒரு வகை, 'இருக்கேன், இருக்கேன்'னு சத்தம் மட்டும் போடும். இன்னொரு வகை, நம்ம பேச்சை வாங்கித் தூரதேசத்துல சேர்க்கும். தொரை நோட்டுல ஏ, பி-ன்னு எழுதிட்டு, எது எதுன்னு மறந்து, சத்தம் மட்டும் போடுறதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனாரு.

"காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப கொழுந்து பறிக்கிறது, கவ்வாத்து வெட்டுறதுன்னு செய்யுற வேலையைத்தானே பேராச் சொல்றோம், தொரை?"ன்னேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு, என்னையே எழுதச் சொன்னாரு. 'சத்தம் போடுறது', 'பேச்சு சுமக்குறது'ன்னு இங்கிலீஷ்ல எழுதுனேன். மூணாவதா ஒண்ணு வந்தா அது என்ன வேலை செய்யும்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

குளிருக்குச் சுக்குப்பொடி அனுப்பு. நீயே இடிச்சதா இருக்கட்டும்.

தபால் பையைக் கட்டுறாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊருக்கே வந்துடவான்னு மூணு கடுதாசியில கேட்டேன். மூணுக்கும் 'எல்லாரும் சுகம்'னுதான் எழுதியிருக்க. அதெல்லாம் முதல் வகை, செல்லாயி.

இப்படிக்கு,
வீரப்பன்