அடுப்படிக்கு ஒரு மணி

பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால, என் உசிருக்கு உசிரான உங்களுக்கு,

நல்லா இருக்கீகளான்னு கேட்கலாமா, கூடாதா? அதுகூட எனக்குத் தெரியல. நான் இருக்கேன். நம்ம மக அலமு தினமும் போன் பண்ணுறா. "வீட்டைப் பூட்டிட்டு பெங்களூருக்கு வந்துருங்க ஆத்தா"ன்னு ஒரே பாட்டு. வெளியூர் போன பங்காளிக பூட்டிப்போட்ட அறைகளோட நம்ம அறையும் சேர்ந்து பூட்டிக் கிடக்கட்டும்னு நினைக்கிறா போல. சரின்னு சொல்லவும் வாய் வரல, மாட்டேன்னு சொல்லவும் வரல.

எல்லாம் நீங்க பாதியில விட்டுட்டுப் போன அந்த மணியாலதான். தபால்ல வந்துச்சே, விரல் நீளத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் பலகையும் ஒரு பை நிறையப் பொடிப்பொடிச் சாமானும். வாசல்ல சுவிட்சை அழுத்தினா அடுப்படியில பாட்டு வரும்னு சொன்னீக. முகப்புலேர்ந்து வளவு முற்றம் தாண்டி இரண்டாங்கட்டு அடுப்படி வரைக்கும் ஒயரை முன்னாலேயே இழுத்து வச்சுட்டீக. வீடு நீளம்தான், வாசல்ல கூப்பிட்டா அடுப்படிக்குக் கேட்காதுதான். ஆனா நாளெல்லாம் முகப்புல நாற்காலி போட்டு உக்காந்திருந்த மனுசன் நீங்க. யாரு வந்தாலும் நீங்கதானே கதவைத் திறப்பீக? அப்புறம் எதுக்கு மணி?

அன்னைக்கே கேட்டேன். "கெடக்கட்டும், ஒருநாளைக்கு ஆகும்"னீக. அடுத்த வாரமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துட்டீக. இப்பவாச்சும் சொல்லுங்க, உங்களுக்கு முன்னமே தெரியுமா? டாக்டர் ஏதும் சொல்லி எங்கிட்ட மறைச்சீகளா? "அப்பச்சிக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது, நீங்களா எதையாச்சும் போட்டுக் குழப்பிக்காதீக"ன்னு அப்பனை விட்டுக்குடுக்காமப் பேசுறா அலமு. அவளுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்?

சரி, மணியை முடிச்சுப் பார்ப்போம், அப்பவாச்சும் ஏதாவது விளங்கும்னு உக்காந்தேன். ஈயம் பத்த வைக்கிற உங்க சால்டரிங் கம்பியை எடுத்தா, நுனி மூக்கெல்லாம் ஈயம் அப்பிக் கன்னங்கரேல்னு கிடந்துச்சு. சாமானைக் கழுவி வைக்கத் தெரியாத மனுசன்னு உங்களை வைஞ்சுக்கிட்டே, புளியும் தேங்காநாரும் போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன். பளபளன்னு ஆயிருச்சு. எனக்கு ஒரே பெருமை. பிளக்கைச் சொருகி ஈயத்தை வச்சா, ஒட்டவே மாட்டேங்குது. குண்டுமணியா உருண்டு உருண்டு கீழே விழுது. சூடு இருக்கு, ஈயமும் உருகுது, ஒட்ட மட்டும் மாட்டேங்குதுன்னா நான் என்னன்னு நினைக்க? நான் செய்யக் கூடாதுன்னு நீங்கதான் தடுக்குறீகளோன்னுகூடத் தோணிப்போச்சு. சிரிக்காதீக.

அப்புறம் செல்லுல ஒரு வீடியோ பார்த்தேன். மூக்குல எப்பவும் கொஞ்சம் ஈயம் பூசியே வச்சிருக்கணுமாம். அந்தப் பூச்சுப் போனா கம்பி வேலைக்கு ஆகாதாம். நான் அழுக்குன்னு தேய்ச்சதெல்லாம் நீங்க வேணும்னே விட்டு வச்சது. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லாமக் கொள்ளாமச் செய்யிறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

கடையில புது மூக்கு வாங்கிப் போட்டேன். சூடானதும் ஈயம் பிடிக்கிறதுக்கான பேஸ்ட்டைத் தொட்டு, முதல் வேலையா ஈயம் பூசினேன். பலகையில நீங்க வச்ச ஈயப் பத்தெல்லாம் கடுகாட்டம் இருக்கு, என்னோடது பணியாரமா உப்பியிருக்கு. இருந்தாலும் ஒட்டிக்கிச்சு. அடுப்படி ஒயர்ல பலகையையும் ஸ்பீக்கரையும் மாட்டிட்டு, வாசலுக்குப் போய் சுவிட்சை அழுத்தினேன். அழுத்தினப்புறம்தான் புத்தி வந்துச்சு. அடிச்சுதா இல்லையான்னு யாரு கேக்குறது? முழங்கால் வலியோட ஓடி வந்தேன். அடுப்படி கம்முனு இருந்துச்சு. அடிச்சு ஓஞ்சிருச்சா, அடிக்கவே இல்லையா? மறுபடி போனேன், மறுபடி ஓடியாந்தேன். பக்கத்து வீட்டுல ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடலைன்னு எனக்கே தெரியல.

இன்னைக்குக் காலையில தோசைக்கு ஊத்திக்கிட்டிருந்தேன். திடீர்னு தலைக்கு மேலே டிங்டிங்குன்னு பாட்டு. கரண்டியும் கையுமா நின்ன நான், வாய் தவறி, "ஏங்க, வாசல்ல யாருன்னு பாருங்க"ன்னு சத்தம் போட்டேன்.

பாட்டு முடியிற வரைக்கும் அப்படியே நின்னேன். யாரும் எந்திரிக்கல. தோசை தீய்ஞ்ச வாடை வந்தப்புறம்தான் அடுப்பை அணைச்சேன். வளவைத் தாண்டி முகப்புக்கு வந்து, நானே தாழ்ப்பாளை எடுத்தேன். பால்காரம்மா நின்னுச்சு. "மணியெல்லாம் போட்டுட்டீகளே ஆச்சி, யாரு செஞ்சு குடுத்தா?"ன்னு கேட்டுச்சு. "நாங்க ரெண்டு பேரும்தான்"னேன்.

உங்களுக்கு முன்னமே தெரியுமா தெரியாதான்னு இன்னும் எனக்கு விளங்கல. அலமுகிட்ட மட்டும் இப்போதைக்கு வரலைன்னு சொல்லிட்டேன். நீங்க அங்கே நிம்மதியா உக்காந்திருங்க, எந்திரிக்க வேணாம். இனிமே மணி அடிச்சா நான் போய்த் திறக்கிறேன்.

உங்க பெண்டாட்டி,
சிகப்பி