நடுவில் வைத்த ஒரே வெப்பமானி

பழவேற்காடு
ஜூன் 10

ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

விமான இறக்கைகளைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் நம் காற்றுச் சுரங்கத்தின் நடுவில் ஒரே ஒரு வெப்பமானி போதும் என்று நீங்கள் சொன்னபோது, போதாது என்று தெரிந்தும் நான் ஏன் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்? ஒன்றாகப் படித்த காலத்தில் உங்களை ‘நீ’ என்றுதான் அழைப்பேன். இந்தக் கடிதத்தில் அது வரவில்லை.

நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். சோதனையில் இறக்கையின் மாதிரி வடிவம் ஒரு பக்கம் மட்டும் வெடித்ததற்கு, அதைச் செய்துகொடுத்த பட்டறை ஊழியர் வரதனின் கவனக்குறைவே காரணமாம். மூன்று பக்க அறிக்கையில் காற்றின் சூடு பற்றி ஒரு வரி இல்லை. காற்றுச் சுரங்க விபத்தை விளக்கும் அறிக்கைக்கு இது சாதனைதான்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலவை அறையில் சேர்ந்து ஒரே சூட்டில் வெளிவர வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக அந்த அறையைப் பாதியாகச் சுருக்கியவர் நீங்கள். கலக்க இடமில்லாமல் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாகவே காற்று பாய்ந்திருக்கிறது. நடுவில் இருந்த வெப்பமானிக்கு அது எப்படித் தெரியும்?

நேற்று தம்பி துளசிங்கத்தின் படகில் முகத்துவாரம் வரை போனேன். ஏரித் தண்ணீர் சூடு, கடல் தண்ணீர் குளிர்ச்சி. சேருமிடத்தில் கொஞ்ச தூரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடும். அதனால் வலை விடுமுன் மீனவர்கள் படகின் இருபுறமும் கையை விட்டுப் பார்ப்பார்கள். உங்கள் வெப்பமானி கதையைச் சொன்னேன். “இன்னாக்கா, ஒரே எடத்துல கைய வுட்டுட்டு தண்ணி இப்படித்தான்னு சொல்றவன நாங்க படகுல ஏத்தவே மாட்டோம். அவனுக்கா ஏசி ரூமு குட்துகீறாங்க?” என்று கேட்டான். அவன் பத்தாவது தாண்டாதவன். நீங்கள் முனைவர்.

வரதன் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறவர். இந்தக் கெட்ட பெயரோடு வெளியேறினால் இந்தத் துறையில் யாரும் அவரை எடுக்க மாட்டார்கள். அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். என் விடுப்பு முடியும்வரை காத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் ஒன்றையாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
கீதா

ஜூன் 11

தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது வரதன் போனில் பேசினார். தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். “ஒத்துக்கினா வேலை போவாதுன்னு சார்தான் மேடம் சொன்னாரு” என்றார். மதியம் வேலைநீக்க உத்தரவு அவர் கைக்கு வந்தது.

இந்தக் கடிதத்தையும், என் கையெழுத்துள்ள சோதனைத் தாளையும் விபத்தை ஆராயும் விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்கு வருவது நகல்.